தோன் அப்தோனின் சம்மதம்

மரத்தில் சிவப்புச் சாயத்தால் எண் போட்டவன் கையில் கிடைத்திருந்தால், கசில்தா அவனை அந்தச் சாய டப்பாவுக்குள்ளேயே முக்கி எடுத்திருப்பாள். ஆள் அதற்குள் போய்விட்டான். திங்கட்கிழமை காலையில் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவள், தன் வீட்டு முன்னால் நிற்கிற மோயே மரத்தின் அடித்தண்டில் ஏழு என்ற எண்ணையும் அதன் கீழே ஒரு பெருக்கல் குறியையும் பார்த்தாள். விரலால் தொட்டாள். சாயம் ஒட்டியது.

தெருவை மேலும் கீழும் பார்த்தாள். பதினான்கு மரம். பதினான்கிலும் எண், பதினான்கிலும் பெருக்கல். கேள்வி கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லை. வாளியை நடுத்தெருவில் வைத்துவிட்டு, "எவன்டா அது?" என்று பொதுவாக ஒரு சத்தம் போட்டாள். இரண்டு நாய் குரைத்தன.

ரெத்தாமா தெரு, நகரத்தின் தென்கோடியில் மலைமேல் ஏறுகிற புழுதித் தெரு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பது குடும்பம் வந்து மனை பிடித்து உட்கார்ந்த இடம். குழாய்த் தண்ணீர் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. வாரம் இரண்டு தடவை லாரி வரும்; வாசலில் நிற்கிற பீப்பாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் குளித்து, மிச்சத்தில் துணி அலசி, அலசிய அழுக்குத் தண்ணீரில் கடைசி வாளியை ஊற்றி வளர்த்த மரங்கள் இவை. ஒரு வருஷம் மழையே இல்லாமல் போனபோது ஜனங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முகம் கழுவினார்கள், மரத்துக்குப் போகிற வாளியை மட்டும் நிறுத்தவில்லை. கசில்தாவின் தையல் மிஷின் அந்த ஏழாம் மரத்தடியில்தான் நிற்கும். பெண்கள் கட்டுகிற மடிப்புப் பாவாடைகளை இருபது வருஷமாக அந்த நிழலில் உட்கார்ந்துதான் தைக்கிறாள். வீட்டுக்குள்ளே வெளிச்சமும் கிடையாது, காற்றும் கிடையாது.

குழி வெட்டியது எதிர்வீட்டுத் தோன் அப்தோன்; ஆண்களைத் தோன் என்றும் பெண்களைத் தோனியா என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். பாறை மண்ணில் கடப்பாரை போட்டு, பதினான்கு குழியையும் ஒரே ஆளாக, கையெல்லாம் கொப்புளத்தோடு வெட்டினார். இடுப்பளவு போதும் என்று மற்றவர்கள் சொன்னபோது, "ஆள் ஒசரத்துக்கு வெட்டினாத்தான் வேரு கீழ போவும், இல்லன்னா ஒங்க சமையலறைக்குள்ள வந்து எட்டிப் பாக்கும்" என்று திட்டிக்கொண்டே வெட்டினார். அவர் சொன்னபடிதான் ஆனது. இன்று வரை ஒரு வேர்கூட மேலே வந்து ஒரு கல்லையும் தூக்கவில்லை.

கசில்தா வாளியை அப்படியே விட்டுவிட்டு முனைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் தோன் தெயோதுலோதான் தெருச் சங்கத்தின் தலைவர். கைக்கு அடக்கமான ஒரு நோட்டை எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பார். யார் கூட்டத்துக்கு வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"தோன் தெயோதுலோ, மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கானே, என்ன அது?"

அவர் சிரித்தார். "நல்ல சேதிதான் தோனியா கசில்தா. நம்ம தெருவுக்கு நடைபாத வருது. புதன்கிழமை வேல ஆரம்பம். வெள்ளிக்கிழமையே மாநகராட்சிலேர்ந்து காயிதம் வந்துடுச்சு."

"நடைபாத வரட்டும். மரத்துல பெருக்கல் எதுக்கு?"

"அது ஏதாவது அளவு எடுக்கறதுக்கா இருக்கும்."

"காயிதத்தப் படிச்சீங்களா இல்லியா?"

"முத்திர குத்தியிருந்துச்சு" என்றார்.

முத்திரை குத்தியிருந்ததாம். கசில்தாவுக்கு வந்த கோபத்தில் கடையிலிருந்த காகிதத்தைத் தானே பிடுங்கிப் பிரித்தாள். இரண்டாவது பக்கத்தில், நடுவில், சின்ன எழுத்தில் இருந்தது: தற்போதுள்ள பதினான்கு மரங்களும் தெருவாசிகளின் விருப்பப்படி அகற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் அலங்காரப் பனைக்கன்றுகள் நடப்படும். தெருவாசிகளின் விருப்பப்படி என்ற இடத்தை அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு தோன் தெயோதுலோவின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"கடையச் சாத்துங்க. போலாம்."

மினிபஸ்ஸில் போகும்போதே அவளுக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், தெருவிலுள்ள பந்து மைதானத்தில், 'உங்கள் தெரு, உங்கள் கனவு' என்று பேனர் கட்டி ஒரு கூட்டம் நடந்தது. ஆர்க்கிடெக்ட் ஹிமேனா என்று ஒரு இளம்பெண் வந்திருந்தாள். நல்ல பெண்தான், சும்மா சொல்லக் கூடாது. எல்லாரிடமும் குனிந்து குனிந்து பேசினாள். பங்கேற்பு, பங்கேற்பு என்று நூறு தடவை சொன்னாள். பெரிய வரைபடத்தை விரித்து ஆளுக்குப் பத்துப் பொட்டு கொடுத்து, பிடித்த இடத்தில் ஒட்டச் சொன்னாள். கலர் பென்சில் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த தெருவை வரையுங்கள் என்றாள். ஐம்பது வயது ஆட்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார்கள். எல்லாரும் வரைந்தது மோயே மரம்தான். கீழே ஒரு நடைபாதை, மேலே ஒரு மரம். ஹிமேனா கை தட்டினாள், படங்களைச் சுவரில் ஒட்டிப் போட்டோவும் எடுத்தாள். கடைசியில் ஆளுக்கு இரண்டு, கறி அடைத்துச் சுட்ட சல்தேனியா கொடுத்தார்கள், கடித்தால் குழம்பு சட்டையில் வழிகிற சூட்டோடு. அதை வாங்கும் இடத்தில்தான் கிளிப் போட்ட அட்டையில் ஒரு தாள் இருந்தது. வந்தவர்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மேல்பாதியை இன்னொரு தாள் மறைத்துக்கொண்டிருந்தது.

கையெழுத்து என்றால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சங்கக் கூட்டத்துக்கு வராத வீடு, ஒரு மாதத்துக்குத் தண்ணீர் லாரி வரிசையில் கடைசிக்குப் போகும். கடைசி ஐந்து பீப்பாய்க்கு வரும்போது லாரியில் தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம். அதனால் யார் கூட்டத்துக்குப் போனாலும், வேலைக்குப் போனவர்களுக்கும் சீக்காய்க் கிடக்கிறவர்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. தோன் தெயோதுலோவுக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் கண்ணால் பார்த்தால் அவர் நோட்டில் எழுதித்தான் தீருவார். அதனால் அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது போடுவார்கள். கசில்தாவுக்குக் கை நன்றாக ஓடும். பேனா மாற்றி, சாய்வு மாற்றி, அன்றைக்கு ஏழு பேருக்குப் போட்டாள்.

மாநகராட்சி அலுவலகத்தில் ஹிமேனாவின் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். ரெத்தாமா தெருவாம். வழவழவென்று நடைபாதை, வரிசையாகப் பனைக்கன்று, அதன் நடுவில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி சின்ன நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பக்கத்தில் ஒருவன் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். படத்தில் பீப்பாய் ஒன்றுகூட இல்லை. தெருக்காரர்களும் இல்லை.

"யாரிது? எந்த வீட்டுக்காரி?" என்று கசில்தா கேட்டாள்.

ஹிமேனா சிரித்தாள். "அது மாதிரிப் படம் தோனியா கசில்தா. நீங்க எல்லாரும் சேர்ந்து உருவாக்கினதுதானே?"

"நாங்க வரஞ்சது மோயே மரம்."

"நீங்க நிழல் கேட்டீங்க. அதைத்தான் நாங்க எடுத்துக்கிட்டோம். மோயே பிசின் வடியுற மரம், நடைபாதையெல்லாம் கறையாயிடும். வேர் கல்லைத் தூக்கிடும்."

"இருவத்திரெண்டு வருஷமா எந்தக் கல்லத் தூக்குச்சு?"

"பொதுவா தூக்கும்" என்றாள் ஹிமேனா. "அதோட தெருவே சம்மதிச்சிருக்கே. நாங்க யாரையும் கேக்காம ஒண்ணும் செய்யல."

கோப்பைத் திறந்து திருப்பி வைத்தாள். அந்தத் தாள்தான். இப்போது மேல்பாதி மறைக்காமல் இருந்தது: கீழ்க்கண்ட வீட்டு உரிமையாளர்களாகிய நாங்கள், மரங்களை அகற்றுவது உட்பட, இந்த வடிவமைப்புக்கு முழு மனதோடு சம்மதிக்கிறோம். கீழே முப்பத்து மூன்று கையெழுத்து. பன்னிரண்டாவது அவளுடையது. பிறகு பதினைந்து, பதினாறு, பத்தொன்பது என்று அங்கங்கே அவள் கை. இருபத்தெட்டாவது வரிசையில், வலப்பக்கம் சாய்த்து, கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து, அப்தோன் ரோச்சா என்று இருந்தது. அந்த வாலைக்கூட அவள்தான் வைத்தாள்.

பதினான்கு குழியையும் வெட்டின மனுஷன், பதினான்கையும் வெட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் செத்து நாலு வருஷம் கழித்து. இது பொய், இதெல்லாம் நான் போட்டது என்று சொல்லக் கசில்தா வாய் திறந்தாள். பக்கத்தில் தோன் தெயோதுலோ நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மூடின வாய்க்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

அப்தோன் செத்தது தெருவுக்கெல்லாம் தெரியும். பெட்டியைச் சுமந்தவர்களில் தோன் தெயோதுலோவும் ஒருவர். மலைக்குப் பின்னால் தெருக்காரர்களே வைத்திருக்கிற மயானத்தில் புதைத்தார்கள். அங்கே காகிதம் கேட்க ஆள் கிடையாது. அப்தோனோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்த தொமிங்காவுக்குக் கல்யாணக் காகிதம் ஒன்றும் இல்லை. மனைப் பத்திரம் அப்தோன் பெயரில். முதல் தாரத்தின் இரண்டு மகன்கள் சாந்தா குரூஸ் நகரத்தில் இருக்கிறார்கள். அப்பன் செத்த சேதி அவர்களுக்குப் போகவில்லை; அவர் உயிரோடு இருக்கிறவரை வீட்டைத் தொட முடியாது என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். மாநகராட்சிக் காகிதம் எதிலாவது அப்தோன் இறந்தார் என்று ஏறிய மறுவாரம் வந்து நிற்பார்கள். அதனால் சங்கக் கூட்டத்தில் பெயர் படிக்கும்போது, "அப்தோன் ரோச்சா" என்றால் யாராவது ஒருத்தர் "இருக்கார்" என்று சொல்லிவிடுவார்கள். நாலு வருஷமாக அந்தத் தெரு அவரை அப்படித்தான் உயிரோடு வைத்திருந்தது.

தொமிங்கா கசில்தாவின் எதிர்வீடு. கசில்தாவின் மகளுக்கு ஞானத்தாய். அதனால் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் தொமிங்கா முற்றத்து மண் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். கசில்தா எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைக்க மறந்து நின்றாள்.

"சொல்லப் போறீங்களா கொமாத்ரே?"

"சொல்லாம? புதன்கெழம ரம்பத்தோட வர்றான். வேற என்ன வழி இருக்கு?"

"அவரு பேரையும் சொல்லுவீங்களா?"

"ஒங்க வீட்டுக்காரர் பேர நான் எதுக்கு எடுக்கறேன்? மத்த ஆறு போதும். ஆறு கள்ளக் கையெழுத்து இருக்கற காயிதத்த எவன் ஒத்துக்குவான்?"

"சத்தியமா?"

"என்ன கொமாத்ரே, என்னைப் போய் சத்தியம் கேக்கறீங்க. சத்தியம்."

தொமிங்கா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். சூடாக நாலு எடுத்துத் துணியில் கட்டிக் கசில்தாவிடம் கொடுத்தாள். கோபத்தில் இருக்கிறவளுக்கு என்ன ரொட்டி என்று சொல்லிக்கொண்டே கசில்தா வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை எட்டு மணிக்கு லாரி வந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆறு ஆட்கள், இரண்டு சங்கிலி ரம்பம், மேஸ்திரி ஒருவர். பின்னாலேயே வெள்ளைக் காரில் ஹிமேனா, கோப்போடு. மரத்தை அகற்றத் தொடங்கும்போது அவள் நேரில் நின்று பதிவேட்டில் எழுத வேண்டுமாம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள்கூடப் போகவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் சுவரோரமாகத்தான் நின்றார்கள். முந்தின நாள் முழுக்க வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளக் கத்தினவள் கசில்தா. அநியாயம், அநியாயம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலைகள்தான் இப்போது சுவரோரம் நின்றன.

கசில்தா போய் முதல் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"தோனியா கசில்தா, நகருங்க. அடி பட்டுடும்" என்றாள் ஹிமேனா.

"ஒன் காயிதத்துல முப்பத்து மூணு கையெழுத்து இருக்கில்ல? அதுல ஆறு பொய்யி. போட்டது நான்."

தோன் தெயோதுலோ கக்கத்திலிருந்த நோட்டைக் கையில் எடுத்தார், பழக்க தோஷம். கசில்தா ஆறு பெயரையும் வரிசையாகச் சொன்னாள். யார் அன்றைக்குச் சந்தையில் இருந்தது, யார் ஆஸ்பத்திரியில் இருந்தது, யார் வெறுமனே தூங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"எம் பேர எதுக்குடி இழுக்கற?" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மரம் போவுது, ஒனக்குப் பேரு முக்கியமா இருக்கா? வாய மூடு."

ஹிமேனாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இப்படிச் செய்யறது குற்றம். தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். மேல் பாதிய மூடி வெச்சுக் கையெழுத்து வாங்கறதுக்கு என்ன பேருன்னு நீ சொல்லு."

"அது நான் செய்யல. பசங்க கிளிப் போட்டு வெச்சாங்க." ஹிமேனா கோப்பைக் காரின்மேல் வைத்துத் திறந்து, ஆறு பெயரையும் பேனாவால் அடித்தாள். மிச்சத்தை விரல் வைத்து எண்ணினாள். நிதானமாக, இரண்டு தடவை. "இருபத்தேழு. நாற்பது வீட்டுல மூணுல ரெண்டு பங்கு வேணும், அதாவது இருபத்தேழு. சரியா இருக்கு. வேலைய ஆரம்பிக்கலாம்" என்று மேஸ்திரியிடம் சொன்னாள்.

ஒன்று. இன்னும் ஒன்று குறைந்தால் போதும். கசில்தா தெருப்பக்கம் திரும்பினாள்.

"எத்தன பேரு எத்தன பேருக்குப் போட்டீங்க, சொல்லுங்க. நான் ஒருத்தி மட்டுமா போட்டேன்? போன தடவ யாரு எனக்குப் போட்டது? ஒருத்தர் சொன்னா போதும். ஒரே ஒருத்தர்."

தோன் தெயோதுலோ நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நடுவில் நின்றார். பென்சில் காதில் இருந்தது. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். ஒரு மாதம் தண்ணீர் வரிசையில் கடைசி. அதற்குப் பயந்து நின்றார்கள், அந்த மரத்துக்குத் தங்கள் வாயைக் கட்டித் தண்ணீர் ஊற்றின அதே ஜனங்கள்.

"வாயில என்ன, சோளமா அடச்சிருக்கு? தோன் செராப்பியோ, நீங்க சொல்லுங்க. ஒங்க வண்டிப் பட்டறைக்கு நெழல் வேணாமா? பனங்கன்னு நெழல்ல படுத்துக்கிட்டா லாரிய ரிப்பேர் பண்ணுவீங்க?"

பட்டறைக்கார தோன் செராப்பியோ தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி இரண்டு ஆட்களுக்குக் கண் காட்டினார். அவர்கள் கசில்தாவின் இரண்டு தோளையும் பிடித்து, மரியாதையாகத்தான், அப்பால் நகர்த்தினார்கள். அவள் உதைத்தாள், ஒருவன் முழங்காலில் பட்டது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்தான். ரம்பம் கத்த ஆரம்பித்தது. முதல் மரத்தின் பட்டையில் வைத்தார்கள். மோயேயின் காரமான பிசின் வாசனை குப்பென்று எழுந்தது. வெள்ளைத் தூள் பறந்து கசில்தாவின் முகத்தில் வந்து விழுந்தது.

"இருவத்தெட்டாவது பேரு" என்று கசில்தா கத்தினாள். "அப்தோன் ரோச்சா. அதுவும் நான் போட்டதுதான்."

ஹிமேனா கையை உயர்த்தினாள். ரம்பம் நின்றது.

"ஏழாவதா இப்ப சொல்றீங்க. ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே போனா நான் எப்படி நம்பறது? அவரை வரச் சொல்லுங்க. அவர் வந்து நான் போடலன்னு சொல்லட்டும்."

"வர முடியாது."

"ஏன்? ஊர்ல இல்லையா?"

சுவரோரத்திலிருந்து, "கொமாத்ரே" என்று தொமிங்கா கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. அந்த ஒரு வார்த்தைதான். கசில்தாவுக்கு நன்றாகக் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். தொமிங்கா ரொட்டிமாவு காய்ந்த இரண்டு கையையும் இடுப்பு ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றுமில்லாதபோதும் துடைத்தாள்.

"தோனியா கசில்தா, நான் இத பதிவேட்டுல எழுதப் போறேன்" என்றாள் ஹிமேனா. "எழுதினா அடிக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. அவர் ஏன் வர முடியாது?"

கசில்தா யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தாள். சத்தியத்தை யோசித்தாள், துணியில் கட்டின ரொட்டியை யோசித்தாள். தோன் தெயோதுலோவின் பென்சிலையும் சுவரோரத்துச் செருப்புகளையும் பார்த்தாள். முதல் மரத்தில் ஒரு விரல் ஆழத்துக்கு வெட்டு விழுந்திருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குள்ளே இருந்த கோபம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மேலே வந்தது.

"செத்துப்போய் நாலு வருஷமாச்சு" என்றாள்.

ஹிமேனா எழுதினாள். எழுதினதை உரக்கப் படித்தாள்: அப்தோன் ரோச்சா, வீட்டு உரிமையாளர், நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்தார் என்று அண்டை வீட்டார் தெரிவிக்கிறார். கையெழுத்துப் போடச் சொன்னாள். கசில்தா இந்தத் தடவை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்து, பிறகு தன் பெயரைப் போட்டாள்.

"இருபத்தாறு" என்றாள் ஹிமேனா மேஸ்திரியிடம். "இன்னிக்கு முடியாது. இந்தத் திட்டமே திரும்பிப் போயிடும். உங்களுக்கு நடைபாதையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. ஜனங்களுக்கு நல்லது செய்ய வந்து ஜனங்களாலேயே கெட்டுப்போனதாக அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். லாரியும் பின்னாலேயே இறங்கிப் போனது.

புழுதி அடங்குவதற்குள் தெரு சுவரை விட்டு வந்துவிட்டது. இப்போது எல்லாருக்கும் வாய் வந்திருந்தது. ஒருத்தி கசில்தாவைக் கட்டிப்பிடித்தாள், இன்னொருத்தி அழுதாள். யாரோ வீட்டுக்குள்ளிருந்து ஒரு குடம் சிச்சா கள்ளைத் தூக்கிக்கொண்டு வந்து, மண்தெய்வத்துக்கென்று தரையில் ஒரு சொட்டு ஊற்றிவிட்டுக் கலயத்தை நிரப்பினார்கள். தோன் தெயோதுலோ நோட்டை மூடிவிட்டு, "போனது போவட்டும், இந்த ஒரு தடவ யாருக்கும் எழுதல" என்று பெரிய மனசு பண்ணினார்.

அதைக் கேட்டதும் தோன் செராப்பியோவுக்குத் தைரியம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கசில்தாவின் பக்கத்தில் வந்தார்.

"நீங்க கவலையே படாதீங்க தோனியா. நீங்க சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன். எம் மச்சானுக்கு நான்தான் போட்டேன்."

கசில்தா அவரையே பார்த்தாள்.

"நானுந்தான், எங்க ஓரகத்திக்கு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"நான் ரெண்டு" என்றான் இன்னொருவன்.

அவள் தோன் செராப்பியோவின் சட்டையை மார்போடு கொத்தாகப் பிடித்தாள். ஆள் அவளைவிட ஒரு முழம் உயரம்; ஆனாலும் குனிந்துதான் வந்தார்.

"எப்ப சொல்லியிருப்ப? பதினாலும் சாஞ்சப்புறமா? சவப்பெட்டி தூக்கப் போனியே, அந்த வீட்டத் தூக்கிக் குடுக்கறவரைக்கும் வேடிக்க பாத்துக்கிட்டு நின்னியே, இப்ப சொல்ல வந்துட்டியா? தூ."

"தண்ணி முற கடைசிக்குப் போயிடும்ல தோனியா" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "வீட்டுல அஞ்சு பேரு இருக்கோம்."

அவள் சட்டையை விட்டாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சட்டையை விட்ட கையில் பிசின் ஒட்டியிருந்தது. அப்போதுதான் தொமிங்கா மூன்றடி தூரத்தில் நிற்பதைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், மச்சானுக்குப் போட்டதையும், ஓரகத்திக்குப் போட்டதையும், ரெண்டையும்.

"கொமாத்ரே" என்றாள் கசில்தா. "நான் வேணும்னு..."

"மரம் நிக்குதில்ல?" என்றாள் தொமிங்கா.

"நிக்குது."

"பதினாலும் நிக்குதில்ல?"

கசில்தா தலையை ஆட்டினாள்.

"அப்ப என் வாசல்ல நிக்கறதுக்கும் நீங்களே தண்ணி ஊத்துங்க. ஊத்தறதுக்கு நான் எத்தன நாள் இருப்பேன்னு எனக்குத் தெரியல."

தொமிங்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் கசில்தா பதிலுக்குத் திட்டியிருப்பாள், இரண்டு பேரும் கத்தி முடித்து, சாயங்காலத்துக்குள் ஒரு வழிக்கு வந்திருப்பார்கள். அவள் தெருவைக் கடந்து போய், கதவைத் திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பகலில் அந்தக் கதவைத் தாழ் போட்டு யாரும் பார்த்ததில்லை.

கசில்தாவின் கையில் யாரோ சிச்சாக் கலயத்தைத் திணித்தார்கள். அவள் அதை அப்படியே புழுதியில் கொட்டினாள். கொட்டினது தெய்வத்துக்கு என்று நினைத்து அவர்கள் இன்னொரு தடவை நிரப்பினார்கள். அதையும் கொட்டிவிட்டு, தெருவைக் கடந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"கொமாத்ரே. கதவத் தெறங்க. சாந்தா குரூஸ்லேர்ந்து எவன் வந்தாலும் நான் வாசல்ல நிக்கறேன். எல்லாரும் நிப்போம்."

எல்லாரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முதல் மரத்தடியில் பாட்டு ஆரம்பமாகியிருந்தது. தோன் செராப்பியோ கையைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒருத்தரும் பார்க்கவில்லை.

அவள் மறுபடியும் தட்டினாள், இந்தத் தடவை முஷ்டியால். கதவு திறக்கவில்லை. உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து துணிப்பெட்டியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.